தேனீயிடம் கற்ற பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பிரேசில் நாட்டின் ஷிங்கு ஆற்றுப் படுகையில் வாழும் கிசேஜே மக்களின் பாடும் முறையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். ஆண்கள் ஒவ்வொருவரும் தத்தம் பாட்டை ஒரே நேரத்தில் உரத்துப் பாடுவார்கள் என்பதும், தங்கள் பாட்டுகளை விலங்குகளிடமிருந்தும் அயலாரிடமிருந்தும் கற்றதாகவே அவர்கள் சொல்வார்கள் என்பதும் அக்குறிப்பில் இருந்தன. அதையொட்டி வந்த கடிதங்கள் பலவும் ஆழமான கேள்விகளைக் கேட்டிருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கிசேஜே என்று எழுதுகிறீர்கள், நான் படித்தவற்றில் சுயா என்று இருக்கிறது. இருவரும் ஒருவர்தானா? அமேசான் பகுதிப் பழங்குடியினர் எல்லோருடைய இசையும் ஏறக்குறைய ஒன்றுதானா?

இருவரும் ஒருவரே. சுயா என்பது பிறர் இட்டு வழங்கிய பெயர். கிசேஜே என்பது அவர்கள் தங்களைக் குறிக்கும் பெயர். மாட்டோ குரோசோ மாநிலத்தில், ஷிங்கு ஆற்றோடு சேரும் சுயா-மிசு ஆற்றை ஒட்டிய நிலம் அவர்களுடையது. அவர்கள் பேசுவது ஜே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழி. 1884-இல் ஜெர்மானியப் பயணி கார்ல் ஃபொன் டென் ஷ்டைனன் அவர்களைச் சந்தித்து எழுதினார். அதன்பின் நெடுங்காலம் வெளியாரிடமிருந்து விலகியே இருந்தவர்கள், 1959-இல்தான் அமைதியான தொடர்புக்கு இணங்கினார்கள். 1961-இல் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் பரப்பில் ஷிங்கு பழங்குடிப் பூங்கா அமைந்தபோது அதற்குள் வந்து சேர்ந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் இருநூறு பேருக்கும் குறைவாக இருந்தவர்கள் இன்று சில நூறு பேராகப் பெருகியிருக்கிறார்கள்.

இசை ஒன்றல்ல. ஷிங்கு பகுதியில் மட்டுமே 16 இனங்கள் வாழ்கின்றன. அவற்றின் மொழிகள் துப்பி, கரீப், அரவாக், ஜே எனத் தம்முள் உறவற்ற பல குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆற்றின் மேற்பகுதியில் வாழும் கமயுரா, குய்குரோ, வவுஜா மக்களிடம் பெரிய குழல்கள் தனி மதிப்போடு விளங்குகின்றன. கிசேஜே மக்களிடமோ மனிதக் குரலே முதன்மையானது. அதற்குத் துணையாகக் கிலுகிலுப்பைகளும், தரையில் மிதிக்கும் காலடி ஓசையும் இருக்கும். 'அமேசான் இசை' என்று ஒரே தலைப்பிட்டுப் பேசத் தொடங்கினால், பேச வேண்டிய வேறுபாடுகள் அனைத்தும் முதல் வரியிலேயே மறைந்துபோகும். ஆகவேதான் ஓர் இனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதினேன்.

கேள்வி: நான் இருபதாண்டுகளாக இசை கற்பிப்பவள். ஆளுக்கொரு பாட்டை ஒரே நேரத்தில் கத்திப் பாடுவதை இசை என்று எப்படி ஏற்றுக்கொள்வது? அதில் கேட்பவருக்கு என்ன கிடைக்கிறது?

அம்மா, தங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதியில்தான் விடை இருக்கிறது. கேட்பவர் யார் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தப் பாட்டு விளங்கிவிடும்.

கிசேஜே ஊர் வட்டமாக அமைந்தது. விளிம்பில் வீடுகள், நடுவில் மன்றம், மன்றத்தில் ஆண்கள் கூடும் இல்லம். வீடுகள் பெண்வழியாக நிலைப்பவை. மணமான ஆண் தாயும் உடன்பிறந்த பெண்களும் இருக்கும் வீட்டை விட்டு, மனைவியின் வீட்டுக்குக் குடிபோகிறான். பிறந்த வீடு சில நூறு அடிகளுக்கு அப்பால், மன்றத்தின் மறுபுறம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தாலும், வளர்ந்த ஆண் தன் அக்கா தங்கையரிடம் இயல்பாக அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கு அவர்கள் வழக்கத்தில் இடம் குறைவு. அந்த இடைவெளியைக் கடப்பதற்குத்தான் 'அகியா' என்ற பாட்டு வகை இருக்கிறது. ஒவ்வோர் ஆணுக்கும் அவனுக்கே உரிய அகியா உண்டு. தொண்டையை இறுக்கி, எட்டக்கூடிய மேல்சுரத்துக்குக் குரலை உயர்த்தி அவன் அதைப் பாடுகிறான். இருபது முப்பது பேர் இப்படிப் பாடும்போது நமக்குக் கேட்பது ஒரே பேரொலி. ஆனால் வட்டத்தின் விளிம்பில், தன் வீட்டுக்குள் அமர்ந்திருக்கும் தாயும் தமக்கையும் அந்தப் பேரொலிக்குள் தங்கள் பிள்ளையின் குரலை, தங்கள் தம்பியின் குரலைத் தேடிப் பிடிக்கிறார்கள். அவன் குரலை அவ்வளவு உயர்த்துவது மற்றவர் குரலோடு இழையாமல் தனித்துத் தெரிவதற்காகவே. இந்த விளக்கத்தை நூலில் படித்தபின் அகியாவின் ஒலிப்பதிவு ஒன்றை நான் மீண்டும் கேட்டேன்; முதல் முறை வெறும் ஆரவாரமாகத் தோன்றியதில், இம்முறை ஒரு குரலை மட்டும் பற்றிக்கொண்டு கடைசிவரை போக முடிந்தது.

அகியா பாடுவதற்கும் ஒரு வயதுண்டு. பேரப்பிள்ளைகள் கண்ட முதியவர், மன்றத்தில் வேடிக்கை செய்து ஊரைச் சிரிக்கவைக்கும் உரிமை பெறுகிறார். இளைஞரைப்போல் அகியா முழங்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

இதற்கு நேர் எதிரானது 'ங்கேரே'. அதில் எல்லோரும் ஒரே பாட்டை, தாழ்ந்த சுருதியில், குரல்கள் பிரிந்து கேட்காதபடி இழைத்துப் பாடுவார்கள். அகியாவில் தனியொருவன் கேட்கப்பட வேண்டும். ங்கேரேயில் யாரும் தனித்துக் கேட்கப்படக் கூடாது. ஒரே ஊர், ஒரே விழா, ஒரே இரவு என்ற எல்லைக்குள் இவை இரண்டும் மாறி மாறி வருகின்றன. இரண்டுக்கும் கட்டுக்கோப்பான அமைப்பும் உண்டு. பாட்டு முதற்பாதி, பிற்பாதி என இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியும் பொருளற்ற இசையசைகளில் தொடங்கி, மெல்ல மெல்ல ஒரு விலங்கின் பெயரை நெருங்கி, இறுதியில் அதை வெளிப்படையாகச் சொல்லும். பெயரை நெருங்குதல், பெயரைச் சொல்லுதல் என்று அவ்வுறுப்புகளைப் பிரித்துப் பேச அவர்களிடமே சொற்கள் இருக்கின்றன. இசை இலக்கணத்தை மாணவர்க்குக் கற்பிக்கும் தங்களுக்கு, எழுத்தில்லாத ஒரு மரபு தன் பாட்டை உறுப்பு உறுப்பாகப் பெயரிட்டு வைத்திருப்பதன் அருமையை நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: இரவு முழுவதும் பாடும்போது சுருதி விலகாதா? பக்க இசைக்கருவி இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

விலகுகிறது, ஆனால் எப்போதும் மேல்நோக்கியே விலகுகிறது. 1971-இல் மனைவி ஜூடித்துடன் அந்த ஊருக்குப் போய்த் தங்கி, பிறகு பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சென்ற அமெரிக்க இசை மானுடவியலாளர் ஆன்டனி சீகர், தம் பதிவுகளில் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போவதைக் கண்டு, ஒலிப்பதிவுக் கருவியின் ஓட்டத்தில்தான் பிழையோ என்று முதலில் ஐயுற்றார். ஆய்வுக்கூடத்தில் கருவி கொண்டு அளந்தும் பார்த்து, மீண்டும் ஊருக்குப் போய்ப் பாடகர்களையும் கேட்டார். கருவி பிழை செய்யவில்லை, ஏறியது பாட்டுத்தான். ஆதார சுருதியில் அசையாமல் நிற்பதையே நல்ல பாட்டின் முதல் இலக்கணமாகப் பழகிய செவிகளுக்கு இது குறையாகப் படும். விழா வளர வளர ஊரின் உவகையும் வளர வேண்டும் என்று கருதும் மக்களுக்கு, பாட்டும் அதனுடன் மேலேறுவதில் குறையொன்றும் தெரியவில்லை.

கேள்வி: பாட்டை விலங்குகளிடமிருந்து கற்றோம் என்கிறார்களே, அது புராணக் கதைதானே? உண்மையில் இயற்றியவர் யார்?

புராணக் காலத்துப் பாட்டுகளும் உண்டு. ஆனால் புதுப் பாட்டு வருவதற்கு அவர்கள் சொல்லும் வழி, நிகழ்காலத்தில் நடப்பது. ஊரில் உயிரோடு நடமாடும் மனிதர்களைப் பற்றியது.

ஒருவன் கடுமையாக நோயுறுகிறான். பொறாமை கொண்ட சூனியக்காரன் ஒருவன் அவனுடைய ஆவியை எடுத்துச் சென்று, தேனீக்களிடத்திலோ, மீன்களிடத்திலோ, பறவைகளிடத்திலோ, மரங்களிடத்திலோ விட்டுவிட்டான் என்று கருதுகிறார்கள். நோய் தீர்ந்து உடல் தேறினாலும் ஆவி அங்கேயே தங்கிவிடுகிறது. அன்றுமுதல் அவன் ஆவியற்ற மனிதன். தேனீக்களோ மீன்களோ தங்களுக்குள் விழா எடுத்துப் பாடும்போது, அங்கே இருக்கும் அவனுடைய ஆவிக்கு அது கேட்கிறது. கேட்டதை அவன் ஊராருக்குக் கற்பிக்கிறான். துன்பத்தில் வந்த ஒரு நிலை ஊருக்குக் கொடையாகிவிடுகிறது. அவன் தன்னை ஆசிரியன் என்று சொல்லிக்கொள்வதில்லை. இயற்றியது தேனீ, தான் கேட்டவன், கொண்டுவந்தவன் மட்டுமே.

பாட்டு வரும் மற்றொரு வழி மனிதர்கள்தாம். போர்க்காலங்களில் சிறைப்பட்டு வந்த பெண்கள், பகைவர், அண்டை இனத்தார் எனப் பலரிடமிருந்தும் அவர்கள் பாட்டுகளைக் கற்றுக்கொண்டார்கள். மேல் ஷிங்கு மக்களின் பாட்டு, ஜுருனா பாட்டு, முண்டுருக்கு பாட்டு என்று மூலத்தைச் சொல்லியே அவற்றைப் பாடுவார்கள். சொற்களின் பொருள் தெரியாவிட்டாலும் ஓசையைப் பிறழாமல் காப்பார்கள். சீகர் தம்பதியர் பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியோடு ஊருக்கு வந்தபோது, அவர்களுடைய அமெரிக்க நாட்டுப்பாடல்களையும் ஊரார் விரும்பிக் கேட்டுப் பாடச் சொன்னார்கள். வெளியார் என்றால் பாட்டு வைத்திருப்பவர் என்பது அங்கே நெடுநாளைய எதிர்பார்ப்பு.

இந்த ஒரு செய்தியை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென விரும்புகிறேன். எந்தக் கலப்புமில்லாமல் தொன்மையிலிருந்து அப்படியே வந்த இசை என்று நாம் கற்பனை செய்துகொள்ளும் ஒன்று, வெளியிலிருந்து வாங்குவதையே உயிர்மூச்சாகக் கொண்டிருக்கிறது. பண்பாட்டு மாற்றத்தைப் பற்றிய மற்றக் கேள்விகளுக்கெல்லாம் இதை அடிப்படையாக வைத்தே விடை சொல்கிறேன்.

கேள்வி: பெண்கள் பாடுவதில்லையா?

பாடுகிறார்கள். கிசேஜே பெண்களின் பாட்டுகளில் பெரும்பகுதி மேல் ஷிங்கு மக்களிடமிருந்து வந்தது. அங்கே யமுரிக்குமா என்ற பெண்கள் விழா உண்டு. அந்நாள்களில் பெண்களே மன்றத்தைத் தமதாக்கிக்கொண்டு பாடி ஆடுவார்கள். அதை இவர்கள் வாங்கித் தமதாக்கிக்கொண்டார்கள். வாங்கியதால் அதன் மதிப்பு குறைந்ததாக ஊரில் எவரும் எண்ணுவதில்லை.

கேள்வி: பழைய படங்களில் அவர்கள் காதிலும் கீழுதட்டிலும் பெரிய வட்டத் தட்டுகள் அணிந்திருக்கிறார்கள். இப்போதைய படங்களில் அவை இல்லை. அடையாளத்தையே விட்டுவிட்டவர்களுக்குப் பாட்டு மட்டும் எப்படி நிலைக்கும்?

வேதனையோடு கேட்டிருக்கிறீர்கள், அந்த வேதனையை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தட்டுகள் எதற்காக என்பதைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவோம்.

கிசேஜே மொழியில் கேட்டல், புரிதல், அறிதல் மூன்றுக்கும் ஒரே சொல். தமிழில் கேள்வி என்ற சொல் செவியால் பெறும் கல்வியையும் குறிப்பதால், கேள்வி ஞானம் என்ற தொடர் இன்றும் வழக்கில் இருப்பதால், நமக்கு இது எளிதில் விளங்கும். பருவமடையும் வயதில் காது துளைத்துத் தட்டு இடுவது, இனி நீ கேட்டு நடக்க வேண்டியவன் என்பதன் குறி. இளைஞன் ஆண்கள் இல்லத்துக்குக் குடிபோகும் காலத்தில் உதட்டில் இட்ட தட்டு, இனி மன்றத்தில் உரக்கப் பாடவும் பேசவும் உரியவன் என்பதன் குறி. கண்ணுக்கு அணியே இல்லை; அளவுக்கு மீறிய பார்வை சூனியக்காரனுக்கு உரியதென்று அவர்கள் கருதினார்கள். காதையும் வாயையும் அணிசெய்து கண்ணை விட்டுவிட்டதில் அவர்களுடைய அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தட்டு அணியும் வழக்கம் தொடர்பு ஏற்பட்டபின் வளர்ந்த தலைமுறையில் நின்றுபோனது. மேல் ஷிங்கு அண்டையினரின் உடல் அணிகளையும் சிகையையும் இளைஞர் விரும்பியதும், நகரத்தார் முறைத்துப் பார்த்ததும் அதற்குக் காரணங்கள். ஆனால் எதைக் குறிப்பதற்காக அந்தத் தட்டு இருந்ததோ, அந்தக் கேட்டலும் பாடலும் தட்டோடு போய்விடவில்லை. தட்டு அணியாத மகன்களும் விழாவில் அகியா பாடினார்கள். அடையாளம் என்று நாம் படத்தில் பார்ப்பதும், அடையாளம் என்று அவர்கள் வாழ்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். மேற்கே அரினோஸ் ஆற்றுப் பக்கம் இவர்களுடைய நெருங்கிய உறவினரான தபயுனா மக்கள் வாழ்ந்தார்கள். வெளித்தொடர்பைத் தொடர்ந்து பரவிய காய்ச்சல் அவர்களை ஏறத்தாழ அழித்துவிட்டது. 1970 அளவில், உயிர் பிழைத்த நாற்பது பேர் அளவினரை ஷிங்குவுக்குக் கொண்டுவந்து கிசேஜே ஊரில் சேர்த்தார்கள். அந்தத் துயரத்தின் நடுவே, வந்தவர்களிடம் பழைய பாட்டுகளும் பழைய முறையில் விழா எடுக்கும் அறிவும் இருப்பதை இவர்கள் கண்டார்கள். தங்கள் பாட்டனார்கள் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று சொல்லி, இளைஞர் அவர்களிடம் கற்கத் தொடங்கினார்கள். பழமை மீண்டதும் வெளியிலிருந்து வந்தவர் வழியாகத்தான்.

கேள்வி: கைப்பேசியும் ஃபோஹோ, செர்த்தனேஜு போன்ற பிரேசில் வெகுஜனப் பாட்டுகளும் ஊருக்குள் வந்துவிட்டன. இனி எத்தனை ஆண்டு தாங்கும்?

ஷிங்குவின் இளைஞர்கள் அவற்றைக் கேட்கிறார்கள், ஆடுகிறார்கள் என்பது உண்மை. அதற்காக நான் அஞ்சுவதில்லை. காரணத்தை முன்பே சொல்லிவிட்டேன். வெளிப்பாட்டைக் கேட்டு ரசிப்பது அவர்களுக்குப் புதிதன்று. ஒலிநாடாப் பெட்டி வந்த காலத்திலேயே அண்டை ஊர்களின் விழாப் பாட்டுகளைப் பதிவுசெய்து, மாலையில் போட்டுக் கேட்டு, அதிலிருந்தும் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். பிறகு ஒளிப்படக் கருவியைத் தாங்களே கையில் எடுத்தார்கள். 2012-இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த ஐ.நா. மாநாட்டுக்குத் தங்கள் கோரிக்கையைக் கடிதமாக எழுதாமல், ஒரு குறும்படமாக எடுத்தே அனுப்பினார்கள். அண்டை இனமான குய்குரோ மக்கள், பெண்கள் விழாவின் பாட்டுகளை முழுவதும் அறிந்தவர் மிகச் சிலரே எஞ்சியிருப்பதை உணர்ந்து, அவற்றை இளம்பெண்கள் மீண்டும் பயில்வதையும் விழா எடுப்பதையும் படமாக்கினார்கள். 2011-இல் அது முழுநீளப் படமாக வெளிவந்தது. இயக்கிய மூவருள் ஒருவர் அந்த ஊரைச் சேர்ந்த தக்குமா குய்குரோ. படம் எடுக்க வேண்டும் என்ற காரணத்தாலேயே ஒத்திகை நடந்தது. ஒத்திகையில் பாட்டு கைமாறியது.

நான் அஞ்சுவது வேறொன்றைப் பற்றி. சிறுவனுக்கும் அவனுக்குப் பெயர் தந்தவருக்கும் உள்ள உறவைக் கொண்டாடும் எலி விழா, 1972-இல் சீகர் விரிவாகப் பதிவுசெய்தபோது, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஏறக்குறைய இரண்டு வாரம் நடந்தது. இரண்டு வாரம் ஊர் பாட வேண்டுமானால், ஊருக்கே உணவு வேண்டும். அதற்கு மீனுள்ள ஆறும், வேட்டைக்குக் காடும், மரவள்ளியும் சோளமும் விளையும் தோட்டமும் வேண்டும். ஆடுவோர் போர்த்திக்கொள்ளும் மேலாடைக்குப் பனையினத்து ஓலை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி வேலைக்குப் போகாமல் ஊரில் இருக்கக்கூடிய ஆண்களின் நேரம் வேண்டும். இவற்றில் எதையும் கைப்பேசி பறிப்பதில்லை. பறிப்பவை ஷிங்குவின் ஊற்றுக்கண்களைச் சுற்றிக் காட்டை அழித்துப் பெருகிய மாட்டுப் பண்ணைகளும் சோயா வயல்களும்தாம். பூங்காவின் எல்லைக்கு வெளியே விடுபட்டுப்போன தங்கள் பழைய நிலத்துக்காக கிசேஜே மக்கள் போராடினார்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஹெக்டேர் கொண்ட வாவி என்ற அந்நிலம் 1998-இல் அவர்களுடையதாகச் சட்டப்படி உறுதியாயிற்று. திரும்பிப் போய் ஊர் அமைத்தார்கள். ஆனால் எல்லைக்கு அப்பாலிருந்த வயல்களில் தெளித்த பூச்சிமருந்து காற்றோடும் நீரோடும் வந்ததால், அந்த ஊரைக் கைவிட்டு இன்னும் உள்ளே தள்ளிப் புதிய ஊர் கட்ட வேண்டியதாயிற்று. மேய்ச்சலால் பாழ்பட்டிருந்த நிலத்தில் பெக்கி மரங்களை நட்டு, அதன் பழத்திலிருந்து எண்ணெய் எடுத்து விற்கிறார்கள். அம்முயற்சிக்கு 2019-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. இசையைப் பற்றிய பகுதியில் எண்ணெய்க்கு என்ன இடம் என்று தோன்றலாம். வருவாய் ஊருக்குள்ளேயே கிடைத்தால் இளைஞன் விழாக்காலத்தில் ஊரில் இருப்பான், இருந்தால் பாடுவான்.

கேள்வி: கொரோனாக் காலத்தில் முதியவர்கள் பலர் இறந்ததாகப் படித்தேன். எழுத்தில்லாத மரபுக்கு அது பேரிழப்பு அல்லவா?

பேரிழப்புத்தான். யவலபித்தி இனத்தின் தலைவரும் மேல் ஷிங்கு முழுவதும் மதித்த பெரியவருமான அரித்தானா, 2020 ஆகஸ்டில் அந்நோயால் காலமானார். அவருடைய இனத்தின் மொழியைப் பேசுவோர் அப்போதே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். மேல் ஷிங்கு மக்கள் இறந்த பெரியோருக்காக எடுக்கும் குவாருப் விழாவில் பல ஊர்கள் ஒன்றுகூடிப் பாடுவது வழக்கம். கூடுதலே ஆபத்தாகிவிட்ட அந்த ஆண்டில், துயரத்தைப் பாடித் தீர்க்கும் வழியும் அடைபட்டது. இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது.

கேள்வி: நான் வழக்கறிஞர். அந்தப் பாட்டுகளின் பதிப்புரிமை யாருக்கு? பதிவுசெய்த ஆய்வாளருக்கா, பாடியவருக்கா?

தங்கள் துறையையே திணறவைக்கும் கேள்வி. ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். ஆவியற்ற மனிதன் ஒருவன் தேனீக்களிடம் கேட்ட பாட்டை ஊருக்குக் கற்பிக்கிறான். ஊர் இரண்டு அணிகளாகப் பிரிந்து விழா எடுக்கும். அந்தப் பாட்டு ஓர் அணிக்கு உரியதாகிறது. மறு அணியினர் அதைக் கேட்கலாம், ஆனால் அவர்கள் அதற்கு உரியவர்களல்லர். ஆய்வாளர் பதிவுசெய்கிறார், காப்பகம் பாதுகாக்கிறது, ஒரு நிறுவனம் வெளியிட விரும்புகிறது. இப்போது யாரிடம் ஒப்புதல் பெறுவது?

பிரேசிலின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 9.610 என்ற எண்ணுடையது, ஆசிரியர் என்பவர் ஒரு மனிதர் என்ற அடிப்படையில் அமைந்தது. அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நிற்கும். தேனீக்கு இறந்த நாள் ஏது? ஆசிரியர் அறியப்படாத படைப்புகள் பொதுவுடைமை என்று கூறும் பிரிவு, இனக்குழுக்களின் மரபறிவுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பை மட்டும் விலக்காக வைக்கிறது. 1988-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 231-ஆம் பிரிவு பழங்குடியினரின் வழக்கங்களையும் மொழிகளையும் மரபுகளையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனாலும், ஒரு பாட்டுக்கு ஒரு பாதி ஊர் உரிமையுடையது என்ற எண்ணத்துக்குப் பொருத்தமான இடம் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. அவர்களிடம் உரிமையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நம்முடையதைவிட நுணுக்கமான உரிமை முறை அவர்களிடம் இருக்கிறது. சட்டம்தான் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

நடைமுறையில் ஒரு முன்மாதிரி உண்டு. 1982-இல் பிரேசிலில் இவர்களுடைய பாட்டுகள் இசைத்தட்டாக வெளிவந்தபோது, சீகரோடு சேர்த்து ஊரின் பெயரும் அதில் இடம்பெற்றது. வருவாய் ஊருக்குச் சேர வகைசெய்யப்பட்டது. எவற்றை வெளியிடலாம் என்பதை ஊராரோடு கலந்தே முடிவுசெய்ய வேண்டும் என்று சீகர் பின்னாளிலும் வலியுறுத்திவந்தார். தாங்கள் இத்தகைய வழக்கு ஒன்றை எடுத்து நடத்த நேர்ந்தால், சட்டப்புத்தகத்தைத் திறக்குமுன் அந்த ஊரில் யார் யாரிடம் எந்தப் பாட்டைக் கேட்டுப் பாடுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்தப் பதிவுகளிலிருந்து சில நொடிகளை எடுத்து என் குறும்படத்தின் பின்னணி இசையில் சேர்க்கலாமா?

உரியவர்களின் ஒப்புதல் இல்லாமல் சேர்க்காதீர்கள். மேல் ஷிங்குவில், பெண்கள் கண்ணால் காணக் கூடாதவை என்று ஒதுக்கப்பட்ட குழல்கள் உண்டு. எது யாருக்கு என்ற வரையறை அவர்களுடைய இசையோடு பிறந்தது. நல்ல நோக்கம் இருப்பது அதை மீற அனுமதியாகாது.

கேள்வி: இன்று பிறக்கும் ஒரு கிசேஜே சிறுவன் இந்தப் பாட்டுக்குள் எப்படி நுழைகிறான்?

பெயர் வழியாக. ஆண் குழந்தைக்குத் தாய்மாமன் முறையாகும் ஒருவர் தம் பெயர்களைத் தருகிறார். ஒரு பெயரன்று, ஒரு தொகுதிப் பெயர்கள். அந்தப் பெயர்களோடு அவன் விழாவில் எந்த அணியைச் சேர்ந்தவன், மன்றத்தில் எந்தப் பக்கம் நிற்பவன், எந்தப் பாட்டுகளைப் பாடுபவன் என்பதும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. பெயர் தந்தவர் நின்ற இடத்தில் அவன் நிற்பான். எலி விழா இந்த உறவைக் கொண்டாடுவதற்கே எடுக்கப்படுகிறது. அதன் கடைசி இரவில், பெயர் தந்த மாமனும் பெயர் பெற்ற சிறுவனும் ஓலை மேலாடை போர்த்து மன்றத்தில் இறங்குகிறார்கள். சிறுவனுடைய மேலாடையும் சிறியதாக, அவன் உயரத்துக்கு அளவாக இருக்கும். சுற்றிலும் ஆண்கள் ஆளுக்கொரு அகியாவை முழங்க, அவர்களுடைய தமக்கையரும் தாயரும் வீட்டிலிருந்து காது கொடுத்துக் கேட்க, விடியும்வரை ஆட்டம் ஓயாது.